மருத நிழலில் ஐந்து நாள்: பாபநாசம் முதல் குறுக்குத்துறை வரை

முதல் நாள், பாபநாசம்

அக்கினி நட்சத்திரம் முடிகிற வாரம். திருநெல்வேலியில் காலை பத்து மணிக்கே தார்ச்சாலையில் கால் வைக்க முடியவில்லை. அங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பாபநாசம் வந்துவிடலாம். பாபநாசநாதர் கோயில் படித்துறையில் காலை நனைத்தால் தண்ணீர் சில்லென்று ஏறுகிறது. பொதிகையில் பிறக்கிற தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால்தான் தமிழ்நாட்டு ஆறுகள் பலவும் மணலாகக் கிடக்கிற மே மாதத்திலும் இதில் தண்ணீர் ஓடுகிறது. கோடை நடைக்கு இந்த ஆற்றைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கரையில் நிற்கிற மருத மரங்கள். அவற்றைப் பற்றி நாளை.

முதல் நாளை மலையடிவாரத்துக்கே வைத்துக்கொள்வது நல்லது. வெயிலுக்கும் தண்ணீருக்கும் உடம்பு பழக ஒரு நாள் வேண்டும். கோயிலுக்கு மேலே வனத்துறைச் சோதனைச்சாவடி. அதற்கு அப்பால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். நுழையும் நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும். எந்த அருவி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதும் அன்றன்று மாறும். அதனால் முந்தின நாள் மாலையே சாவடியில் கேட்டுவிட வேண்டும். பாணதீர்த்த அருவியை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பை, சோப்பு, ஷாம்பு, மது எதுவும் உள்ளே போகாது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், சாப்பாட்டுக்கு வாழையிலைப் பொட்டலம் என்று முன்பே தயாராக வந்தால் சாவடியில் நிற்கிற நேரம் மிச்சம்.

அகத்தியர் அருவிக்கு அதிகாலையில் போக வேண்டும். கூட்டம் சேர்வதற்கு முன் பாறைகளில் சீகாரப் பூங்குருவி உட்கார்ந்திருக்கும். கருநீலத்தில் மைனாவைவிடப் பெரிய பறவை. அருவி இரைச்சலையும் மீறி மனிதர் சீட்டியடிப்பது போலப் பாடும். படியேறினால் கல்யாண தீர்த்தம். அங்கே தண்ணீர் அசையாமல் நிற்பது போலத் தெரியும், ஆனால் ஆழம். இறங்காதீர்கள். வடக்கயிறும் கம்பியும் கட்டியிருக்கிற இடத்தில் மட்டும் குளியுங்கள். அருவியின் நேர் அடியில் தலையைக் கொடுக்காமல் தோளைக் கொடுங்கள். மேலிருந்து சிறு கல் வந்தாலும் தலை தப்பும்.

குரங்குகள் கையிலிருக்கும் பையின் ஓசைக்கே வந்துவிடும். உணவை வெளியே எடுக்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு கைப்பிடி கடலை கொடுத்தால் அடுத்து வருகிற குழந்தையிடம் அது பிடுங்கத்தான் செய்யும்.

பாபநாசம் படித்துறையில் கவனிக்க வேண்டியது துணி. பரிகாரம் என்று உடுத்திய வேட்டியையும் சேலையையும் ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அவை பாறை இடுக்கில் மாட்டி, தண்ணீருக்கடியில் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். காலில் சுற்றினால் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துப் பிடிக்கும். படியிலிருந்து குதிக்காமல் கம்பால் தடவிப் பார்த்து இறங்குங்கள். உங்கள் துணியை வீட்டுக்கே கொண்டுபோங்கள். இந்த ஆறு பாவத்தைக் கரைக்கும் என்று நம்புகிறவர்களும் பாலியெஸ்டரைக் கரைக்கும் என்று நம்ப வேண்டியதில்லை.

இரண்டாம் நாள், விக்கிரமசிங்கபுரம் வழியே அம்பாசமுத்திரம்

சுமார் 10 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். நிழலில் நின்று நின்று போகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். அதில் ஒரு லிட்டரில் மட்டம் தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். தாகம் தெரிவதற்கு முன்பே இருபது நிமிடத்துக்கு ஒரு வாய் குடித்துவர வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வெயிலில் நடந்தால் பத்து மணிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வியர்வையில் போன உப்பு திரும்ப வராததுதான் காரணம்.

காலுக்குப் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு. ஹவாய் செருப்பு சேற்றில் மாட்டி அங்கேயே நின்றுவிடும். கேன்வாஸ் ஷூ ஒரு தடவை நனைந்தால் நாள் முழுக்கக் காயாது, பாதம் வெந்து தோல் உரியும். கையில் தோள் உயர மூங்கில் கம்பு ஒன்று கட்டாயம். தலைக்கு ஈரத்துண்டு. பையில் எட்டு முழ வேட்டி ஒன்று. அது எதற்கென்று பின்னால் சொல்கிறோம்.

பாதை ஒரே சீராக இருக்காது. படித்துறைக்குப் படித்துறை ஒற்றையடிப் பாதை, நடுவே வயல் வரப்பு, சில இடங்களில் சீமைக்கருவேல் முள் அடைத்துக்கொண்டு வழியே இல்லை. அங்கே முள்ளுக்குள் புகுந்து பார்க்காமல் ஊருக்குள் ஏறிச் சாலையில் நடந்து அடுத்த படித்துறையில் இறங்கிக்கொள்ளுங்கள். வேலி போட்ட தோப்பில் கேட்காமல் நுழையக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

இப்போது மருதம். பட்டையைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். சாம்பல் கலந்த வெள்ளை, தொட்டால் வழவழப்பு. பெரிய பெரிய செதிலாக உரிந்து விழுந்த இடத்தில் உள்பட்டை இளஞ்சிவப்பாக இருக்கும். இலையைத் திருப்பி, காம்பு சேருகிற இடத்தைப் பாருங்கள். கடுகளவில் இரண்டு முடிச்சுகள் இருக்கும். கீழே கிடக்கிற காயில் நீளவாக்கில் ஐந்து இறக்கைகள். மாசி வாக்கில் இலையுதிர்த்து, பங்குனி சித்திரையில் துளிர்த்துவிடுகிற மரம் இது. வெயில் உச்சத்தில் இருக்கும்போது அதன் கிளையும் நிறைந்திருக்கும். வேர் கரையைத் தாண்டித் தண்ணீருக்குள்ளேயே இறங்கியிருக்கும். வேருக்கும் வேருக்கும் இடையில் ஒரு ஆள் முதுகு சாய்ந்து உட்காரலாம். உட்காருமுன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, தலைக்கு மேல் இலைகளை ஒட்டித் தைத்த பந்து மாதிரிக் கூடு இருந்தால் அது முசுறு எறும்பு. செக்கச்செவேலென்று ஊர்ந்து வந்து கடித்தால் அரை மணி நேரம் எரியும். இரண்டு, பெரிய கிளையின் அடியில் கறுப்புப் பாய் தொங்குவது போல இருந்தால் மலைத்தேனீ. அங்கே பீடி, சிகரெட், அடுப்புப் புகை, வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. சத்தம் போடாமல் நூறு மீட்டராவது தள்ளிப் போங்கள்.

நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். திருநெல்வேலிக்குச் சூரியன் நேர் உச்சியில் வருவது சித்திரை பிறக்கும் சமயம். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஆறோ இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. அதனால் வடகரை மரங்களின் நிழல் தண்ணீர் ஓரத்தில் விழும், தென்கரை மரங்களின் நிழல் கரைக்கு அப்பால் வயல் பக்கம் விழும். மே கடைசியில் இருபது மீட்டர் மரத்துக்கு நண்பகல் நிழல் நாலரை மீட்டர்தான் நீளும். பத்து மணிக்கு மேல் நடக்க வேண்டி வந்தால் வடகரையில் தண்ணீர் ஓரம், தென்கரையில் மரத்துக்கு வெளிப்பக்கம். இதை நினைவில் வைத்தால் அரை நாள் வெயில் மிச்சம்.

காலையில் கிழக்கே நடக்கும்போது வெயில் முகத்தில் அடிக்கும். ஒரே ஒரு காலை மட்டும் கையில் இருக்கிறவர்கள் அம்பையில் தொடங்கி மேற்கே நடக்கலாம். வெயில் முதுகில், பொதிகை முழுக்கக் கண்ணெதிரே.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மேலே பாபநாசம் அணை, உயரம் 143 அடி. சேர்வலாறு 156 அடி. அங்கே திறக்கிற அளவைப் பொறுத்துக் கீழே மட்டம் ஏறும், இறங்கும். அதோடு கோடை மழை. இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும், மேற்கே மலையில் இடி இடித்து மழை கொட்டிக்கொண்டிருக்கும். கரையில் துணி துவைக்கிற ஆச்சி யாராவது, “மேக்க மப்பா இருக்கு, ஆத்துக்குள்ள எறங்காதிய” என்று சொன்னால் மறுபேச்சு வேண்டாம். ஏன் என்று கேட்பதைக்கூடக் கரையேறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

குளிக்க இறங்குமுன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். குச்சியின் அடி நனைந்து விளிம்பு உள்ளே வந்திருந்தால் எல்லோரும் மேலே. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தாலும் அப்படியே. நடுத்திட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் இந்த ஆற்றில் மிகப் பெரிய தவறு. நடந்து போன வழி கணுக்காலளவு இருந்திருக்கும், திரும்பும்போது இடுப்பளவு ஓடும்.

ஆழமான மடுவை இங்கே கசம் என்பார்கள். மேலே தண்ணீர் ஓட்டமே தெரியாது, பச்சை கறுப்பாக இருக்கும். முன்பு மணல் அள்ளிய குழிகளும் உண்டு. முழங்காலளவில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலை முழுகிப் போவது அங்கேதான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கசங்கள் இடம் மாறியிருக்கின்றன. பத்து வருடத்துக்கு முன் இங்கே குளித்தோம் என்பதை நம்பி இறங்கக் கூடாது. கம்பை முன்னால் ஊன்றி, தரை தட்டுப்பட்ட பிறகே அடி எடுத்து வையுங்கள். ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறினால் திரும்பிவிடுங்கள். கடக்கத்தான் வேண்டுமென்றால் தோள்பையின் வாரைக் கழற்றி ஒரு தோளில் மட்டும் போட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீர் வருகிற பக்கம் வைத்து, கம்பை முன்னால் ஊன்றிப் பக்கவாட்டில் நகருங்கள். விழுந்தால் பை கழன்று போய்விடும், ஆள் மிதப்பார்.

மூன்றாம் நாள், கல்லிடைக்குறிச்சி, கன்னடியன் கால்வாய்

அம்பையிலிருந்து பாலம் கடந்தால் கல்லிடைக்குறிச்சி, மூன்று கிலோமீட்டர். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தது, மற்றவை அதற்கும் மூத்தவை. நடக்கிறவருக்கு இந்தப் பட்டியல் ரொம்ப முக்கியம். ஒவ்வொரு அணைக்கு மேலும் தேங்கிய ஆழம், ஒவ்வொரு அணைக்குக் கீழும் ஆபத்து.

அணையின் முகட்டில் தண்ணீர் வழியும்போது நடக்கவே கூடாது. பார்க்க ஒரு சாண் தண்ணீர்தான், அடியில் பாசி. வழுக்கினால் கீழே. கீழே விழுகிற இடத்தில் நடப்பது என்ன என்று ஒரு தேங்காய் மட்டையைத் தூரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். விழுகிற தண்ணீர் அடிக்குப் போய், கொஞ்ச தூரம் தள்ளி மேலே வந்து, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்புகிறது. மட்டையும் அதோடு அணைப்பக்கம் வந்து, முழுகி, எழுந்து, மறுபடி வருகிறது. கால் மணி நேரமானாலும் அங்கேயே சுற்றும். மனிதரும் அப்படித்தான். நீச்சல் தெரிந்தவர்கள் அணைக்கட்டுகளில் இறப்பதற்கு இதுவே காரணம். அணையிலிருந்து கீழ்ப்பக்கம் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளித்தான் குளிக்க வேண்டும்.

யாராவது இழுபட்டால் பின்னால் குதிக்காதீர்கள். ஒருவர் போகிற இடத்தில் இருவர் போவதே வழக்கமாகிவிட்டது. பையில் வைத்த எட்டு முழ வேட்டியை எடுங்கள். மூன்றரை மீட்டருக்கு மேல் நீளம். ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு நனைத்தால் வீசுவதற்குக் கனம் வரும். கரையில் படுத்துக்கொண்டு வீசுங்கள், நின்றுகொண்டு வீசினால் உங்களையும் இழுக்கும். கரையேற்றியவர் மூச்சு விடவில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இரண்டும் கூடாது. வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சு நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். எந்த ஊர், எந்தப் படித்துறை என்று சொல்லத் தெரிய வேண்டும். அதனால்தான் வழியில் ஒவ்வொரு துறையின் பெயரையும் கேட்டுக்கொண்டே நடப்பது நல்லது.

இன்றைய நடை கன்னடியன் கால்வாய்க் கரை. கன்னட நாட்டு அந்தணர் ஒருவர், அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னாலேயே போய், அது நடந்த வழியெல்லாம் கால்வாய் வெட்டினார் என்பது கதை. நீர் பெய்த இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளமாம். கரையில் நடந்தால் கதை பிடிபடும். நேராகப் போகிற இடமே இல்லை. மேட்டைச் சுற்றி, ஒரே மட்டத்தில், மெதுவாக வளைந்து வளைந்து போகிறது. சமவுயரத்தில் தண்ணீர் கொண்டுபோக அதுதான் வழி. கோடையில் கால்வாய் பெரும்பாலும் அடைத்திருக்கும், வழக்கமாக ஜூனில் கார் நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள். அடைத்திருக்கும்போது கரை காய்ந்து நடக்கச் சுகம், குளிக்க முடியாது. திறந்தபின் குளிக்கலாம், ஆனால் மடைகளின் அருகே போகாதீர்கள். மதகின் வாய் ஆளையே உறிஞ்சிவிடும்.

வீரவநல்லூர் வரை எட்டு கிலோமீட்டர் சுமார். முடியாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி என்று வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் களைத்தாலும் வண்டி பிடித்துத் திரும்பலாம். இந்தத் தடத்துக்கு இணையான ஆற்றங்கரை நடை வேறு எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

பதநீர் குடிக்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கு முன். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள், ஒரு நுங்கையும் உள்ளே போட்டுக்கொள்ளலாம். வெயில் ஏறிய பிறகு விற்கிற பதநீர் புளிக்கத் தொடங்கியிருக்கும். நடக்கிற வயிற்றுக்கு ஆகாது. மதியத்துக்குப் புளிச்சோறும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும். தயிர்ச்சோறு பத்து மணிக்கே புளித்துவிடும், எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் தாங்கும்.

நான்காம் நாள், திருப்புடைமருதூர்

நடை குறைவு, இருப்பு அதிகம். வீரவநல்லூரிலிருந்து வந்துவிடலாம். ஊர்ப் பெயரிலேயே மருதம். கோயிலின் தலமரமும் அதுவே. கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற இடம் இது. கருவூர்ச் சித்தர் வெள்ளத்தில் கடக்க முடியாமல் அக்கரையில் நின்று அழைத்தாராம், அந்தக் குரலைக் கேட்க நாறும்பூநாதர் தலையைச் சாய்த்தாராம். லிங்கம் இன்றும் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கிறது. சித்தரே அக்கரையில் நின்ற ஆறு என்பதை, கூடுதுறையில் குறுக்கே நீந்திக் காட்டத் துடிக்கிற இளவட்டங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு ஓட்டம் மோதுகிற இடத்தில் சுழி நிலையாக இருக்காது, நகர்ந்துகொண்டே இருக்கும்.

இங்கே 2005-ல் 2.84 ஹெக்டேர் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சிறிய இடம்தான். கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை, வக்கா, சின்ன நீர்க்காகம், கொக்குகள் கூடு கட்டுகின்றன. மே கடைசியில் பெரும்பாலும் வளர்ந்த குஞ்சுகளைத்தான் பார்க்க முடியும். காலை ஆறிலிருந்து எட்டு வரை, பிறகு மாலை ஐந்துக்கு மேல். மரத்தின் நேர் அடியில் நிற்காதீர்கள். எச்சம் விழுவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆள் அடியில் நின்றால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்துவிடும். நிழலில்லாத கூட்டில் குஞ்சு பத்து நிமிட வெயிலையும் தாங்காது. ஊரார் வெடி வெடிப்பதையே தவிர்த்துக் காப்பாற்றி வருகிற பறவைகள் இவை. போகிறவர்கள் கைதட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்க வேண்டாம்.

ராஜகோபுரத்தின் உள்மாடங்களில் பழைய சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் உள்ளன. கோயில் அலுவலகத்தில் கேட்டு அனுமதித்தால் மட்டும் ஏறுங்கள். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை நடைக்கே வேலையில்லை. கரையில் மருத நிழலில் பாயை விரித்துப் படுத்துவிடலாம். கோரைப் பாய்தான் வேண்டும். கீழே ஈரம் இருந்தாலும் முதுகில் ஏறாது, பிளாஸ்டிக் விரிப்பில் வியர்த்து ஊறும். இந்த ஆற்றங்கரைக் கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துத்தான் பத்தமடையில் பட்டுப்பாய் நெய்கிறார்கள். அந்த மெல்லிய ரகத்தை ஆற்றுக்குக் கொண்டுவர வேண்டாம், தடித்த சாதாரணப் பாய் போதும். அசையாமல் படுத்திருந்தால் மறுகரை வேரிடுக்கில் நீர்நாய்க் குடும்பம் தலைகாட்டலாம். தண்ணீருக்கு மேல் மூன்று நான்கு உருண்டைத் தலைகள் வரிசையாகப் போகும், கீச்சென்று கூப்பிட்டுக்கொள்ளும். கரைப்பாறையில் மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சம் கிடந்தால் அது அவற்றின் இடம். அங்கே குளியலும் வேண்டாம், சோப்பும் வேண்டாம்.

இருட்டிய பிறகு கரைப்பாதையில் கைவிளக்கில்லாமல் நடக்கக் கூடாது. கட்டுவிரியன் வெளிவருகிற நேரம் அது. மணல் திட்டில் கூடாரம் போடுவதும் கூடாது, காரணம் இரண்டாம் நாளில் சொன்னதே. இரவுக்கு அம்பைக்கோ சேரன்மகாதேவிக்கோ போய் அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள், சேரன்மகாதேவி, குறுக்குத்துறை

சேரன்மகாதேவியில் காலையில் இரண்டு மணி நேர நடை போதும். இதற்குக் கிழக்கே ஊர்கள் நெருங்குகின்றன, கழிவுநீர் சேர்கிறது, ஆகாயத்தாமரை படர்கிறது. மருதங்கள் தனித்தனியாகத்தான் நிற்கின்றன. வழியெல்லாம் ஆற்றில் முகம் கழுவிக்கொண்டு வந்தவர்கள் இங்கே கண்ணிலும் வாயிலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிப்பதற்கு எந்த இடத்திலுமே கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

ரயிலில் திருநெல்வேலி. மாலை ஐந்து மணிக்குக் குறுக்குத்துறை. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வரும் முகத்தைப் படகின் முனைபோலக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் இரண்டாகப் பிளந்து இருபுறமும் போய்விடும். பெருவெள்ளத்தில் கோயிலே முழுகும். உற்சவரை அதற்கு முன்பே கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோடையில் சுற்றி முழங்காலளவு தண்ணீர்தான். கல்மண்டபங்களில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். மண்டபத் தூண்களில் வெள்ளம் ஏறிய கறை கோடு கோடாகத் தெரியும். உங்கள் தலைக்கு மேலே எத்தனை முழம் என்று அளந்து பாருங்கள்.

ஜூன் பிறந்து தண்ணீர் திறந்துவிட்டால் இந்த ஐந்து நாளில் இரண்டாம் நாள் பாதையும் குறுக்குத்துறை மண்டபமும் மாறிவிடும். விளிம்புப் பாதை பல இடங்களில் முழுகும், மேல்கரையில்தான் நடக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தித்தாளில் அணை நீர்மட்டமும் வெளியேற்றமும் போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். வெளியேற்றம் முந்தின நாளைவிட ஏறியிருந்தால் பாபநாசத்துக்குப் பதில் திருப்புடைமருதூரில் தொடங்குங்கள். பறவைகளைப் பார்க்கக் கரையில் உட்கார்ந்தாலே போதும்.